மனுவால் ஆட்சி கவிழாது
"ஐந்து லட்சம் கையெழுத்து சேர்ந்தால் கனடாவில் தேர்தல் நடத்தியே ஆக வேண்டும்" என்று சிலர் சொல்வது தவறு. அப்படியொரு விதியே கிடையாது. நாடாளுமன்ற இணைய மனுவைத் தொடங்க 5 ஆதரவாளர்களும் முன்மொழிய ஓர் எம்.பி.யும் வேண்டும். 500 செல்லுபடியான கையெழுத்து சேர்ந்தால் அதை அவையில் வைக்கலாம். அரசு 45 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பதில் பெரும்பாலும் வழவழாதான். 500-ஐத் தாண்டியபின் லட்சம் சேர்ந்தாலும் சட்டப்படி கூடுதல் பலம் இல்லை.

ஆட்சியைக் கவிழ்ப்பது அவையின் நம்பிக்கை வாக்கெடுப்பு. 2005 நவம்பரில் அன்றைய பிரதமர் பால் மார்ட்டினின் அரசு 171க்கு 133 என்று தோற்றது அப்படித்தான். எம்.பி.யைத் திரும்ப அழைக்கவும் (அதாவது வாக்காளர்களே இடையில் பதவி நீக்கவும்) கூட்டாட்சிச் சட்டத்தில் வழியில்லை. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் இருக்கும் அந்த வழி மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு மட்டும்; அதற்கும் 60 நாளில் தொகுதி வாக்காளரில் 40% பேரின் கையெழுத்து வேண்டும்.