அடுத்து பட்டன் எங்கே?

தென்காசியில் இருக்கும் அக்காவுக்கு ஒரு மிக்ஸி அனுப்பலாமென்று போனில் ஒரு ஆன்லைன் கடையின் தளத்தைத் திறந்தால், மிக்ஸிக்கு முன்னால் 'எங்கள் ஆப்பை இறக்குங்கள்' என்று ஒரு பெட்டி வந்து மறைக்கிறது, அதை மூடுகிற பெருக்கல் குறியோ கடுகளவு, விரல் பட்டால் வேறெங்கோ கொண்டுபோய் விடுகிறது. சரி, போகட்டும். முகவரி அடித்தால் கீபோர்டு மேலே ஏறி 'அடுத்து' பட்டனை மறைத்துவிடுகிறது. தென்காசி 2019-லேயே தனி மாவட்டம் ஆகிவிட்டது, ஆனால் பின்கோடு 627811 என்று போட்டதும் தானாகவே திருநெல்வேலி என்று நிரப்பிக்கொண்டு, மாற்றவும் விடமாட்டேன் என்கிறது. அப்புறம் ஓடிபி. அதைப் பார்க்க மெசேஜுக்குப் போய்த் திரும்பினால் பக்கம் மறுபடி லோடாகி, கூடை காலி! இதைச் செய்த புண்ணியவான்கள் பெரிய மானிட்டரில் பார்த்துவிட்டு எழுந்து போயிருப்பார்கள், வேறென்ன. திருநெல்வேலி வண்ணார்பேட்டைக் கடையில் வாங்கித் தென்காசி பஸ்ஸில் நானே கொண்டுபோய்க் கொடுத்துக்கொள்கிறேன்.