பானை வேண்டாம் அண்ணே

போன வாரம் மச்சினன் போன் செய்தான். "மாமா, பையன் பொறந்த நாளுக்கு ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கிட்டேன். எப்ப முட்டை போடும்?"

பறவை வீட்டுக்கு வந்து மூன்று மணி நேரம்கூட ஆகியிருக்காது. என்ன தின்னும் என்று கேட்கவில்லை. கூண்டை எங்கே வைப்பது என்று கேட்கவில்லை. நேராக முட்டைக்குப் போய்விட்டான்.

"முட்டை போடப் பானை கட்டியிருக்கியா மாப்ள?"

"கடைக்காரரே கூண்டோட சேத்துக் குடுத்துட்டாரு மாமா. ரெண்டு பானை."

"முதல்ல அதைக் கழட்டு. அப்புறம் பேசலாம்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அக்காவிடம் போனைக் கொடுக்கச் சொன்னான்.

அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. 2020 செப்டம்பரில் நானும் இதையேதான் செய்தேன். ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்திருந்த நேரம். மகளுக்கு ஆன்லைன் வகுப்பில் வெறுத்துப்போயிருந்தது. திருச்சியில் ஒரு கடைக்குப் போனோம். ஒரு மஞ்சள், ஒரு நீலம். "அலகுக்கு மேல இருக்கற மூக்கு நீலமா இருந்தா ஆண் சார், பழுப்புன்னா பெண். கெட்டி ஜோடி. பானை கட்டுங்க, ஒரே மாசத்துல குஞ்சு பாக்கலாம்" என்றார் கடைக்காரர். கூண்டு, ஒரு கிலோ தினை, பக்கவாட்டில் ஓட்டை போட்ட மண்பானை எல்லாம் ஒரே பில்லில் வந்துவிட்டன. மகள் மஞ்சளுக்குச் சோளம் என்றும் நீலத்துக்கு மின்னு என்றும் பெயர் வைத்தாள்.

பெயர் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாம் லவ் பேர்ட்ஸ் என்று அழைக்கும் இந்தப் பறவை உண்மையில் லவ் பேர்ட் இல்லை. இது பட்ஜெரிகர், சுருக்கமாக பட்ஜி. ஆஸ்திரேலியாக்காரன். அசல் லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. கொஞ்சம் குண்டாக, வால் குட்டையாக இருக்கும். நம்மூர்க் கடைகளில் அதை "ஆப்பிரிக்கன்" என்று தனியாகச் சொல்லி விற்பார்கள். பெயர் மாறியதால் ஒன்றும் குடிமுழுகிவிடாதுதான். ஆனால் "லவ்" என்ற சொல் ஒட்டிக்கொண்டதால் ஜோடியாக இல்லாவிட்டால் செத்துவிடும், குஞ்சு பொரிக்காவிட்டால் ஏங்கிவிடும் என்கிற கதையெல்லாம் கூடவே வந்துவிட்டது.

ஆஸ்திரேலியாவின் உட்புற வறண்ட பகுதியில் பெருங்கூட்டமாகத் திரியும் பறவை இது. அங்கே மழைக்கு நேரம் காலம் கிடையாது. தண்ணீரும் புல்விதையும் எங்கே இருக்கிறதோ அங்கே கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும். மழை பெய்து, விதை விளைந்து, மரப்பொந்தும் கிடைத்தால் அவசர அவசரமாக முட்டையிடும். அடுத்த மழை எப்போதென்று அதற்குத் தெரியாதே. வறண்ட காலத்தில் அந்தப் பேச்சே இருக்காது. 1840இல் ஜான் கூல்டு என்ற இயற்கையியலாளர் இதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது. காட்டில் இது பச்சையும் மஞ்சளும்தான். நீலம், வெள்ளை எல்லாம் மனிதன் கூண்டில் வைத்துப் பெருக்கிய நிறங்கள்.

இப்போது நம் வீட்டுக் கூண்டைப் பாருங்கள். கிண்ணம் நிறையத் தினை, எந்நேரமும் தண்ணீர், கண்ணெதிரே ஒரு பொந்து. அந்தப் பறவையின் மூளைக்கு இது முடிவே இல்லாத மழைக்காலம். நிறுத்தச் சொல்வதற்கு உள்ளே எதுவும் இல்லை. பானையைக் கட்டியவன்தான் நிறுத்த வேண்டும். அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

முதல் ஈடு, அதாவது முதல் தடவை போட்ட முட்டைகள், அழகாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். நவம்பரில் ஒருநாள் விட்டு ஒருநாளாக ஐந்து முட்டை. மின்னு பானையை விட்டு வெளியே வருவதே இல்லை. சோளம் வாசலில் தொங்கிக்கொண்டு இரையைக் கக்கி அவளுக்கு ஊட்டுவான். பதினெட்டாம் நாள் முதல் குஞ்சு. முட்டை வந்த கணக்கிலேயே குஞ்சும் வரும். ஐந்து என்றால் மூத்ததற்கும் கடைசிக்கும் எட்டு நாள் வித்தியாசம். பானைக்குள் எட்டிப் பார்த்தால் படிக்கட்டு மாதிரி வரிசை. பெரியது கண் திறக்கப்போகும்போது சின்னது வேகவைத்த பயறு அளவில் நெளியும். பொரிந்த அன்று 2 கிராம்கூடத் தேறாத உயிர், ஒரு மாதத்தில் 30 கிராமைத் தாண்டி, பானை வாசலில் தலையை நீட்டி நம்மை முறைக்கிறது. மகள் நோட்டுப் போட்டு எழுதிவைத்தாள். நானும் ஸ்டேட்டஸ் வைத்தேன், அறுபது பேர் இதயம் போட்டார்கள்.

கடைசிக் குஞ்சு பறப்பதற்குள் மின்னு அடுத்த ஈடுக்கு உட்கார்ந்துவிட்டாள். அதில் நான்கு. அப்புறம் இன்னொரு நான்கு. நான் பெருமையாகப் பெரிய கூண்டு வாங்கினேன்.

2021 ஜூன். நான்காவது ஈடு. காலையில் பார்த்தால் மின்னு பானையில் இல்லை. கூண்டுத் தரையில் பந்து போல உப்பி உட்கார்ந்திருந்தாள். மூச்சு விடும்போதெல்லாம் வால் மேலும் கீழும் ஆடியது. முட்டை உள்ளே சிக்கிக்கொண்டிருக்கிறது. அது அப்போது எனக்குப் புரியவில்லை, சளி என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த கால்நடை மருத்துவர், தாம் நாயும் மாடும் மட்டும்தான் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். யாரோ விளக்கெண்ணெய் தடவச் சொன்னார்கள், தடவினேன். எண்ணெய் பட்டால் இறகு சூட்டைத் தேக்கிவைக்காது, குளிரில் அது இன்னும் துவண்டுவிடும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். வெதுவெதுப்பாக வைத்து உடனே பறவை பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் ஓடியிருக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்கு மகளின் கையிலேயே போய்விட்டாள்.

ஒரு முட்டை ஏறக்குறைய 2 கிராம். ஐந்து முட்டை 10 கிராம். பறவையின் மொத்த எடையே 35 கிராம். பத்து நாளில் தன் உடம்பில் கால் பங்குக்கு மேல் முட்டையாக இறக்கி வைக்கிறது, அதையும் ஓய்வில்லாமல் நான்கு முறை. ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும், முட்டையை வெளியே தள்ளத் தசைக்கும் அதே சத்து வேண்டும். நான் கொடுத்ததோ வெறும் தினை. நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் கொடுப்பார்கள், கணவாய் மீனின் ஓடு. கூண்டில் செருகிவைத்தால் பறவையே கொறித்துக்கொள்ளும். சில ரூபாய் சமாச்சாரம். அந்தச் சுண்ணாம்பு உடம்பில் சேர வெயில் படவேண்டும், கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் அதற்கு உதவாது. எங்கள் கூண்டு ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருந்தது.

அதோடு நிறுத்தினேனா? இல்லை. குஞ்சுகள் வளர்ந்து தங்களுக்குள்ளேயே ஜோடி சேர்ந்தன. அண்ணன் தங்கை என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், நான்தான் கண்டுகொள்ளவில்லை. பானைக்காகப் பெண் பறவைகள் போட்டுக்கொள்ளும் சண்டை பார்க்கச் சகிக்காது. ஒருத்தி பானைக்குள் இன்னொருத்தி புகுந்து குஞ்சுகளைக் கொத்திப் போட்டிருந்தாள். ஒரு குஞ்சுக்குக் கால் இரண்டும் தவளை போலப் பக்கவாட்டில் விரிந்துவிட்டது. பானையின் அடியில் நான் மரத்தூள் எதுவும் போடாமல் வழவழப்பாக விட்டிருந்தேன். முதல் சில நாட்களிலேயே கவனித்திருந்தால் காலைச் சேர்த்துக் கட்டிச் சரிசெய்திருக்கலாம் என்றார்கள். 2021 டிசம்பரில் எண்ணினேன். இருபத்தொன்று.

இருபத்தொன்றை என்ன செய்வது? கடையில் கேட்டேன். வாங்கியபோது ஜோடி நானூறு ரூபாய். திருப்பிக் கொடுத்தால் ஒன்றுக்கு அறுபது என்றார். அந்தக் கடையின் நெரிசலை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன், மனம் வரவில்லை. தெரிந்தவர்களுக்குக் கொடுத்தேன். எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "ஜோடியா குடுப்பீங்களா?" ஒரு நண்பர் இரண்டு மாதம் வைத்திருந்துவிட்டு, பாவம் சுதந்திரமாக இருக்கட்டும் என்று மொட்டை மாடியில் திறந்துவிட்டார். புண்ணியம் செய்ததாகவே இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார். தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்த பறவைக்கு நம்மூர் வானம் சுதந்திரம் இல்லை. இரை தேடத் தெரியாது, காக்கையும் வல்லூறும் விடாது. பச்சைக்கிளி விஷயம் வேறு. அது இந்த மண்ணின் பறவை, வீட்டில் வைத்திருப்பதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

"குஞ்சு பொரிக்க விடாம வெச்சிருக்கறது பாவம் இல்லையா?" என்று என் அத்தை கேட்டார். கூண்டில் வைப்பதே பாவம் என்று சொன்னால் எனக்குப் பதில் இல்லை அத்தை, ஒத்துக்கொள்கிறேன் என்றேன். ஆனால் வைத்தாகிவிட்டது. இனிப் பொந்து காட்டாமல் இருப்பது அதற்குக் கொடுமையில்லை, அதன் ஊரில் மழை பொய்த்த வருடம் மாதிரி அது. பானையைக் கழற்றிய முதல் வாரம் மூலை மூலையாகத் தேடினார்கள். அப்புறம் மறந்துவிட்டார்கள். இப்போது எங்களிடம் நான்கு. எல்லாம் ஆண். காலை ஆறு மணிக்கு ஆரம்பிக்கும் கச்சேரியைக் கேட்டால் எந்த ஏக்கமும் இருப்பதாகத் தெரியவில்லை. இரண்டு ஆண் ஒன்றாக இருந்தால் ஒன்றுக்கொன்று ஊட்டிக்கொண்டு, தலையைக் கோதிக்கொண்டு நிம்மதியாக இருக்கும். துணை வேண்டும் என்பது உண்மைதான், ஏனென்றால் இது கூட்டத்துப் பறவை. துணை ஜோடியாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை.

ஆண் பெண் பார்ப்பதிலும் கடைக்காரரின் நீல மூக்குக் கணக்கு எப்போதும் செல்லாது. குஞ்சில் ஆணுக்கே மூக்கு இளஞ்சிவப்பாகவோ வெளிர் ஊதாவாகவோதான் இருக்கும். பெண் குஞ்சுக்கு மூக்குத் துளையைச் சுற்றி வெள்ளை வளையம் தெரியும். முழு மஞ்சள், முழு வெள்ளையில் சிவப்புக் கண் உள்ளவை வளர்ந்தாலும் ஆணுக்கு மூக்கு நீலமாக மாறாது. அதைப் பெண் என்று விற்றுவிடுவார்கள்.

சரி, மச்சினனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். தினைக் கிண்ணம் நிறைந்திருக்கிறதென்று நம்பாதீர்கள். பட்ஜி தோலை உரித்து அங்கேயே போட்டுவிட்டு உள்பருப்பைத்தான் தின்னும். மேலாகப் பார்த்தால் கிண்ணம் நிறைந்திருக்கும், உள்ளே எல்லாம் உமி. தினமும் ஊதிப் பாருங்கள். ஊருக்குப் போகும்போது "நிறையப் போட்டுட்டுத்தான் போனோம்" என்பவர்களின் பறவைகள் பட்டினியில் சாவது இப்படித்தான். தினை மட்டுமே போட்டால் கொழுப்பு ஏறும், வைட்டமின் ஏ குறையும். கம்பு, சாமை, குதிரைவாலி கலந்து கொடுங்கள். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட் வையுங்கள். முதல் பத்து நாள் தொடாது, விடாமல் வையுங்கள். உப்புப் போட்டது, சாக்லேட், காபி, அவகாடோ கூடாது.

நான்ஸ்டிக் தவா அடுப்பில் காய்ந்து புகைந்தால், அடுத்த அறையில் இருக்கும் பறவைகூடச் சில நிமிடத்தில் செத்துவிழும். மிகைப்படுத்தவில்லை. பறவையின் நுரையீரல் அமைப்பு அப்படி. வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் கொசுவர்த்தியும் அதே அறையில் வேண்டாம். வெளியே பறக்கவிடும்போது சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். இதை எழுதுவதே அபத்தமாகத் தெரியலாம், எனக்குத் தெரிந்தே மூன்று வீட்டில் நடந்திருக்கிறது. கூண்டு உயரமாக இருப்பதைவிட நீளமாக இருப்பது முக்கியம், இது ஹெலிகாப்டர் இல்லை. உப்பிக்கொண்டு பகலெல்லாம் தூங்கினால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். இரையாகப் பிறந்த பறவை நோயைக் கடைசிவரை மறைக்கும். நமக்குத் தெரியும்போது தாமதமாகிவிட்டிருக்கும்.

இல்லை, குஞ்சு பொரிக்க வைத்தே தீருவேன் என்றால், பெண்ணுக்கு ஒரு வயதாவது ஆகட்டும். ஏப்ரல், மே வெயிலில் வேண்டாம். ஜோடிகளை விடப் பானை அதிகம் இருக்கட்டும், எல்லாம் ஒரே உயரத்தில். வருடத்துக்கு இரண்டு ஈடு, அதற்கு மேல் கிடையாது. முட்டை வேண்டாம் என்று ஒவ்வொன்றாக எடுத்து எறிந்தால் அது இன்னும் போட்டுக்கொண்டே இருக்கும். அவித்து ஆறவைத்துத் திரும்ப வைத்துவிடுங்கள், உட்கார்ந்து பார்த்துச் சலித்துத் தானே எழுந்துவிடும். இதையெல்லாம்விட முக்கியம், முட்டை வருவதற்கு முன்பே குஞ்சுக்கு வீடு பார்த்துவையுங்கள்.

மச்சினன் ஒரு பானையைக் கழற்றிவிட்டானாம். ஒன்று இன்னும் தொங்குகிறது. பையன் அழுகிறானாம்.

இந்தப் பதிவைப் பார்த்துவிட்டு இன்பாக்ஸில் குஞ்சு இருக்கிறதா என்று நாலு பேர் கேட்பீர்கள், எனக்குத் தெரியும். குஞ்சு இல்லை. மூன்றடி நீளக் கூண்டு ஒன்று சும்மா கிடக்கிறது, திருச்சிக்குள் யாருக்காவது வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம். பரணில் ஆறு பானையும் இருக்கிறது. அது கிடையாது.