நவம்பர் 17: தேதி ஒன்றுதான், நடுவில் ஒரு வருஷம் இருக்கிறது

"வரலாற்றில் இன்று" என்று சுற்றி வரும் பட்டியல்களில் நவம்பர் 17-க்குக் கீழே கிரேக்கத்தைப் பற்றி இரண்டு வரி இருக்கும். 1973, ஏதென்ஸ் பாலிடெக்னிக் மாணவர் போராட்டம் ஒடுக்கப்பட்டது. 1974, பொதுத்தேர்தல். ஏதோ சம்பந்தமில்லாத இரண்டு சம்பவங்கள் மாதிரி அடுத்தடுத்து கிடக்கும். எனக்கு அது ஒவ்வொரு தடவையும் மனசை உறுத்துகிறது.

1967 ஏப்ரல் 21-ஆம் தேதி கிரேக்க ராணுவத்தின் கர்னல்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். ஆறரை வருஷம் கழித்து, 1973 நவம்பர் 14 அன்று, மாணவர்கள் பாலிடெக்னிக் என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொண்டார்கள். கோஷம் மூன்றே வார்த்தை: ரொட்டி, கல்வி, விடுதலை. ஆய்வுக்கூடத்தில் கிடந்த சாமான்களை வைத்தே ஒரு ரேடியோ நிலையம் கட்டி, "இது பாலிடெக்னிக்" என்று ஊருக்கே அறிவித்தார்கள். அந்தக் குரல்களில் ஒன்று மரியா தமனாகியுடையது. பின்னாளில் ஐரோப்பிய ஆணையத்தில் உறுப்பினராக இருந்தவர்.

17-ஆம் தேதி அதிகாலை மூன்று மணி வாக்கில் டாங்க் வந்தது. அந்தக் கறுப்பு வெள்ளைக் காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். விளக்கு வெளிச்சத்தில் இரும்புக் கம்பிக் கதவு, அதைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள், அப்புறம் கதவு அப்படியே உள்பக்கமாகச் சாய்கிறது. ரேடியோவில் கடைசியாகக் கேட்டது தேசிய கீதம். அந்த நாட்களில் இறந்தவர்களில் அடையாளம் உறுதியானவர்கள் மட்டும் 24 பேர், சுற்றுவட்டாரத் தெருக்களில் சுடப்பட்டவர்கள்தான் பெரும்பாலும். அதில் ஐந்து வயசுப் பையன் ஒருவனும் உண்டு.

மாணவர் போராட்டம்தான் ஆட்சியைக் கவிழ்த்தது என்று எழுதுபவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. எட்டே நாளில் ராணுவ ஆட்சியின் தலைவர் பாபடோபுலோசைத் தள்ளிவிட்டு அவரைவிடக் கடுமையான ராணுவ போலீஸ் தலைவர் இயோவானிதிஸ் கைக்கு அதிகாரம் போனது. 1974 ஜூலையில் சைப்ரஸில் இந்த ராணுவ ஆட்சி நடத்திய ஆட்சிக்கவிழ்ப்புச் சதியும், அதைச் சாக்காக வைத்து துருக்கி படை இறங்கியதும்தான் கடைசியில் அந்த ஆட்சியைச் சாய்த்தது. பாரிஸிலிருந்து திரும்பிய முன்னாள் பிரதமர் கரமான்லிஸ் தேர்தல் வைத்த தேதி நவம்பர் 17. டாங்க் வந்து சரியாக ஒரு வருஷம். முந்தின வருஷம் அதே நாளில் துப்பாக்கிக்குப் பயந்து ஓடிய ஊர், பத்து வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையாக ஒரு பொதுத்தேர்தலுக்கு வாக்குச்சீட்டோடு வரிசையில் நின்றது. இந்த இரண்டு வரியையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும், தயவுசெய்து.

இந்தத் தேதியைப் பெயராக வைத்துக்கொண்டு ஒரு ஆயுதக் குழு 1975 முதல் 2002 வரை 23 பேரைக் கொன்றது. "நவம்பர் 17" என்று தேடினால் பல இடங்களில் முதலில் வந்து நிற்பது அவர்கள்தான், அதுதான் எனக்குக் கோபம். அந்தத் தேதி அவர்களுடையது இல்லை, கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகளுடையது.

ஏதென்ஸ் போகிறவர்கள் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தைப் பார்க்காமல் வருவதில்லை. பாலிடெக்னிக் பழைய வளாகம் அதற்குப் பக்கத்திலேயே, பாட்டிசியோன் தெருவில் இருக்கிறது. நசுங்கிய அந்தக் கதவு இன்னும் உள்ளேதான் கிடக்கிறது. நவம்பரில் போனால் அதன்மேல் சிவப்புக் கார்னேஷன் பூக்கள் கிடக்கும்.