குட்டியை விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்வாரா?

“வாங்காதீர்கள், தத்தெடுங்கள்” என்று யாராவது எழுதினால், குட்டி எடுத்து விற்கும் முயல் வளர்ப்பாளர்களுக்குக் கோபம் வருகிறது. தெருவில் விட்ட முயல் நாய்க்கடியோடு வந்து சேர்ந்தால் மீட்பவர்களுக்கு வளர்ப்பாளர்கள் அத்தனை பேர் மேலும் கோபம் வருகிறது. இந்தச் சண்டையில் என் நிலை இதுதான்: தான் விற்ற முயலை எந்த வயதிலும், நோயோடு வந்தாலும், திரும்ப எடுத்துக்கொள்பவர்தான் பொறுப்பான வளர்ப்பாளர். நல்ல கூண்டு, நல்ல தீவனம், சுத்தமான இனம் எல்லாம் அதற்கு அடுத்துதான்.

காரணம் முயலின் உடம்பில் இருக்கிறது. நாய்க்கு இருப்பதுபோலப் பெண் முயலுக்குப் பருவச் சுழற்சி கிடையாது. இணை சேர்ந்து சுமார் பத்து மணி நேரம் கழித்துத்தான் கருமுட்டை வெளிவரும். சினைக்காலம் 31 நாள். குட்டி போட்ட அன்றே மறுபடி சினை பிடிக்கும். “ரெண்டும் பொட்டைதான்” என்று சொல்லி விற்ற ஒரு ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஈத்துக்கு ஆறு குட்டி என்றால் முதல் ஈத்தன்று கூண்டில் எட்டு முயல், 31ஆம் நாள் 14, 62ஆம் நாள் 20. சிறிய இனமாக இருந்தால் முதல் ஈத்துக் குட்டிகள் நான்கு மாதத்தில் தாங்களே இணை சேரத் தொடங்கிவிடும். “வீட்ல இருபது முயல் இருக்கு, எடுத்துக்கிறீங்களா?” என்று மீட்பவருக்கு வரும் போன் இப்படி உருவாவதுதான்.

நான்கு வாரக் குட்டியில் ஆண் பெண் பார்ப்பது அனுபவசாலிக்கும் தவறும். பிறப்புறுப்பின் இரண்டு பக்கமும் விரலால் மெல்ல அழுத்தினால் ஆணுக்கு வட்டத் துளையோடு சிறு குழாய்போல எழும்பும், பெண்ணுக்கு நீளவாக்கில் பிளவாகத் தெரியும். விரை இறங்க 10 முதல் 12 வாரம் ஆகும். இறங்கிய பிறகும் பயந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே எட்டாவது வாரம் விற்கும்போது ஒருமுறை பார்த்துவிட்டு, பன்னிரண்டாவது வாரம் வாங்கியவரை வரச் சொல்லி மறுபடியும் பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது பார்வையை யாராவது செய்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

எட்டு வாரம் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இறைச்சிப் பண்ணையில் 28, 30 நாளில் தாயிடமிருந்து பிரிப்பது வழக்கம். அங்கே குட்டி பழகிய இடத்தில், பழகிய தீவனத்தோடு இருக்கிறது. அதே குட்டியை அட்டைப்பெட்டியில் வைத்து பஸ் ஸ்டாண்டில் விற்றால் பாலும் நின்று, தீவனமும் மாறி, கேரட்டும் முட்டைக்கோசும் பிரட்டும் கிடைக்கின்றன. நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அந்த வயதில் குடலில் இன்னும் நிலைபெற்றிருக்காது. காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணியால் வரும் கழிச்சல் தாக்குவதும் அப்போதுதான். வயிறு உப்பி, சில நாளில் குட்டி செத்துவிடும். இறைச்சிக்கு முயல் வளர்க்கலாமா என்பது வேறு விவாதம். பண்ணைக் குட்டியை ஒரு மாத வயதில் செல்லப் பிராணியாக விற்பதை இரண்டு தரப்பும் சேர்ந்தே எதிர்க்கலாம். “இதுக்கு மேல வளராது” என்று அந்த வெள்ளைக் குட்டியைக் கொடுக்கிறார்கள். நியூசிலாந்து வெள்ளை கலந்ததென்றால் நான்கு கிலோ வரை வரும். கொடைக்கானல் மலையில் மன்னவனூர் ஆராய்ச்சி மையம் வளர்க்கும் வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா எல்லாம் இறைச்சிக்காக வளர்க்கும் பெரிய இனங்கள்.

சின்ன முயல் வேண்டும் என்பவர்கள் இப்போது நெதர்லாந்து ட்வார்ஃப், ஹாலந்து லாப் தேடுகிறார்கள். குள்ள மரபணு தாய் தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் வந்துவிட்டால் குட்டி பிழைக்காது. இரண்டு அசல் குள்ள முயல்களை இணைத்தால் சராசரியாக நான்கில் ஒரு குட்டி தலை பெருத்து, பின்புறம் சூம்பிப் பிறந்து சில நாளில் சாகும். அதனால் குள்ள ஆணுக்கு, அதே இனத்தில் அந்த மரபணு இல்லாத கொஞ்சம் பெரிய பெண்ணைத்தான் சேர்க்க வேண்டும். புள்ளி முயலிலும் இதே கணக்கு உண்டு. இரண்டு இங்கிலிஷ் ஸ்பாட்டை இணைத்தால் நான்கில் ஒன்று ஏறக்குறைய முழு வெள்ளையாகப் பிறக்கும். அதற்குப் பெருங்குடல் சரியாக இயங்காமல் வாழ்நாள் முழுக்கத் தொல்லை வரலாம். பல் விஷயம் இன்னும் பொதுவானது. முன்பல் வாரத்துக்கு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வளரும். கீழ்த்தாடை முன்தள்ளிப் பிறந்த குட்டிக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை பல்லைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி ஒரு குட்டி வந்தால் தாய் தகப்பன் இரண்டையும் இனப்பெருக்கத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். விற்ற குட்டிகள் தன்னிடமே திரும்பி வரும் வளர்ப்பாளர் மட்டும்தான் அந்த வேலையை ஒழுங்காகச் செய்வார்.

சமவெளியில் மார்ச் முதல் மே வரை இணை சேர்க்கக் கூடாது. வெயிலில் ஆணுக்கு விந்து கெடும், சினை முயல் சூடு தாங்காமல் சாகும். 31 நாள் சினை, 56 நாள் தாயோடு, ஆக 87 நாள். மூன்று மாதம் நிறுத்தியவரிடம் ஜூன் தொடங்கி ஆகஸ்ட் கடைசி வாரம் வரை புதுக் குட்டி இருக்காது. ஆண்டு முழுக்கக் குட்டி கிடைக்கும் என்பவரிடம் நான் வாங்க மாட்டேன்.

இனி மீட்பவர்களிடம். ஒரு குட்டி பிறந்தால் காப்பகத்து முயல் ஒன்றுக்குக் கிடைக்க வேண்டிய வீடு போகிறது என்கிறீர்கள். ஓரளவு உண்மை. ஆனால் கணக்கு வைத்து, திரும்ப எடுத்துக்கொள்ளும் வளர்ப்பாளரை நாம் திட்டி விரட்டினால், வாங்க வந்தவர் நேராக அந்த அட்டைப்பெட்டிக்காரரிடம்தான் போவார். வளர்ப்பாளர்களிடம் நாம் கற்க வேண்டியதும் இருக்கிறது. மீட்ட பெண் முயல் எதுவானாலும் 32 நாள் சினையாக இருப்பதாகவே நினைத்துத் தனியே வையுங்கள். எப்போது இணை சேர்ந்தது என்று தெரியாததால் முதல் நாளே ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலத்தில் பெட்டி வைத்துக் காய்ந்த புல் போடுங்கள். நீளமான தேங்காய் நார் வேண்டாம், குட்டியின் காலில் சுற்றிக்கொள்ளும். தாய் ஒரு நாளில் ஓரிரு முறை, சில நிமிடங்கள் மட்டும்தான் பால் கொடுக்கும். மற்ற நேரம் விலகியே இருக்கும். கைவிட்டுவிட்டது என்று நினைத்துப் பசும்பால் புகட்டிக் கொன்றுவிடுகிறோம். காலையில் குட்டியின் வயிறு சுருக்கமில்லாமல் உருண்டையாக இருந்தால் பால் குடித்திருக்கிறது.

கருத்தடை செய்யாமல் ஒரு முயலையும் தத்துக் கொடுக்காதீர்கள். ஆணுக்கு ஆபரேஷன் ஆன பிறகும் நான்கு முதல் ஆறு வாரம் பெண்ணிடம் விடக் கூடாது, விந்து மிச்சம் இருக்கும். பெண்ணுக்கும் அவசியம். நான்கு வயது தாண்டியவற்றில் கருப்பைப் புற்று சாதாரணமாக வருகிறது. ஆபரேஷனுக்கு முன் நாய்க்குச் சொல்வதுபோல “ராத்திரியே பட்டினி போடுங்க” என்று சொன்னால் கேட்காதீர்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது, குடல் நின்றால்தான் ஆபத்து. வாய்வழி கொடுக்கும் அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக், உண்ணிக்குத் தோலில் விடும் ஃபிப்ரோனில் இரண்டும் முயலைக் கொல்லக்கூடியவை.

சட்டம் பெரிதாக உதவாது. மத்திய அரசின் 2017 விதிகள் நாய் இனப்பெருக்கத்துக்கு மட்டும். 2018 செல்லப்பிராணிக் கடை விதிகளில் முயல் உண்டு, ஆனால் வீட்டில் முயலை இனப்பெருக்கம் செய்பவருக்கு நாய்க்கு இருப்பதுபோலத் தனி விதி இல்லை. ஆகவே காதில் ஓர் எண் பச்சை குத்தி, யாருக்கு எப்போது கொடுத்தோம் என்று நோட்டில் எழுதுவதை வளர்ப்பாளர்கள் தாங்களே தொடங்க வேண்டும். தெருவில் கிடைத்த முயலின் காதில் எண் இருந்தால் மீட்பவர் யாருக்குப் போன் செய்வது என்று தெரியும்.

வளர்க்க முடியாதவர்கள் காட்டில் விடுவதையும் நிறுத்த வேண்டும். நம் காட்டு முயல் வேறு இனம், அதன் குட்டி ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வந்த வீட்டு முயல் நம் வயலில் நாய்க்கும் கீரிக்கும் இரைதான்.

திரும்ப எடுத்துக்கொள்வேன் என்பவரிடம் பத்துக் கூண்டில் குறைந்தது இரண்டு எப்போதும் காலியாக இருக்க வேண்டும். திரும்பி வந்த முயலை மற்றவற்றிலிருந்து தள்ளி ஒரு மாதம் வைக்க வேண்டும். காதுக்குள் பொருக்கும் மூக்கில் சொறியும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மருத்துவரிடம் காட்டி ஐவர்மெக்டின் ஊசி, இரண்டு வாரம் கழித்து மறு ஊசி. தினமும் மற்ற முயல்களுக்குத் தீவனம் வைத்து முடித்த பிறகு, கடைசியாக அதனிடம் போங்கள்.