சிடி ஒலியில் 'படிக்கட்டு' இருக்கிறதா?

"சிடியில் ஒலி அலை படிக்கட்டு மாதிரி உடைந்திருக்கும், லட்ச ரூபாய் டிஏசி (டிஜிட்டல் ஒலியை மின் அலையாக மாற்றும் கருவி) வாங்கினால்தான் வழவழப்பாகும்" என்று படத்தோடு வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு.

சிடியில் இருப்பவை நொடிக்கு 44,100 மாதிரிப் புள்ளிகள், அதாவது ஒலி அலையை அந்தந்தக் கணத்தில் அளந்த அளவுகள். 22.05 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள அலை வடிவத்தை அவற்றிலிருந்து அப்படியே மீட்கலாம் என்பதை கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1949 கட்டுரையிலேயே விளக்கிவிட்டார். நம் காதுக்கு எட்டுவது சுமார் 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான், வயது ஏறினால் அதுவும் குறையும். புள்ளிகளைத் தொடர் அலையாக்கும் வடிகட்டி மலிவான டிஏசியிலும் உண்டு. வடிகட்டி இல்லாத சில மாடல்களில்தான் படி தெரியும். வேடிக்கை என்னவென்றால், அவற்றில் சிலவற்றின் விலை அதிகம்!

சந்தேகமா? ஜிஃப்.ஆர்க் (Xiph.org) அமைப்பு 2013இல் வெளியிட்ட வீடியோவில் அதன் நிறுவனர் மாண்டி மாண்ட்கோமரி, அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்பில் படி இல்லை என்பதைக் காட்டுகிறார், பாருங்கள். பிடித்த டிஏசியைத் தாராளமாக வாங்குங்கள். அந்தப் படத்தை மட்டும் ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.