ஜென்சன் இன்டர்செப்டரில் அமெரிக்க இன்ஜின் இருந்தால் அது போலியா?

புதுப்பித்து விற்பனைக்கு வரும் ஜென்சன் இன்டர்செப்டர் என்ற பழைய பிரிட்டிஷ் கார்களில் பிரிட்டிஷ் இன்ஜினைக் கழற்றிவிட்டு அமெரிக்க இன்ஜினை மாட்டிவிடுகிறார்கள் என்று ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

1966-இல் இங்கிலாந்தின் வெஸ்ட் பிராம்விச் தொழிற்சாலையில் தயாரிப்பு தொடங்கியபோதே அதில் பொருத்தப்பட்டது அமெரிக்க நிறுவனமான கிரைஸ்லரின் வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின்தான். முதலில் 6.3 லிட்டர், அப்புறம் 7.2 லிட்டர். காரின் வடிவம்கூட இத்தாலியின் டூரிங் நிறுவனம் வரைந்தது. ஆரம்பகால பாடிகளைச் செய்து கொடுத்தது விக்னாலே என்ற இன்னொரு இத்தாலிய நிறுவனம். வளைந்த அந்தப் பெரிய பின்கண்ணாடியின் அழகு இன்றும் அசத்துகிறது.

ஆக, கிரைஸ்லர் இன்ஜின் இருப்பதுதான் அசல். வாங்குபவர் உண்மையில் பயப்பட வேண்டியது துருவுக்கு. பாடி முழுக்க எஃகு. புதுப் பெயின்ட் பளபளத்தாலும் கதவுக்குக் கீழே, சக்கர வளைவுக்குள் குனிந்து பாருங்கள்.