கையால் வரைந்தது என்றால் நேரில் பார்த்து வரைந்தது என்று பொருளா?

ஒருவர், தாமஸ் டேவிஸ் 1780இல் எழுதிய நடிகர் டேவிட் கேரிக்கின் வரலாற்று நூலில் கையால் வரைந்த படம் இருந்தால், அது பதிப்பாளரே சேர்த்தது, கேரிக்கை எதிரே உட்காரவைத்து வரைந்தது என்கிறார். அப்படி இல்லை. நூலை வாங்கியவர்கள் கட்டைப் பிரித்து, அச்சுப் படம், கடிதம், நாடக அறிவிப்பு எல்லாம் செருகி மறுபடி கட்டிக்கொள்வது அன்றைய இங்கிலாந்தில் பெரிய பொழுதுபோக்கு. ஒரே நூல் பல தொகுதியாக வீங்கிவிடும். தேடிய அச்சுப் படம் விலைக்குக் கிடைக்காவிட்டால், வேறொருவரிடம் இருக்கும் பிரதியைப் பார்த்து நீர்வண்ணத்தில் நகல் எடுக்கச் சொல்வார்கள். இப்படிப் படம் செருகும் பழக்கத்துக்கு ஜேம்ஸ் கிரேஞ்சர் என்ற பாதிரியாரின் பெயரை வைத்துவிட்டார்கள், பாவம், அவர் இதைச் செய்தவரே இல்லை, 1769இல் படச் சேகரிப்பாளர்களுக்கு உதவும் ஒரு வரலாற்று நூல் எழுதினார், அவ்வளவுதான். அப்புறம், படம் வரைந்த தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். நீர்க்குறியில், அதாவது தாள் செய்யும்போதே அதில் பதியும் குறியில், 1801 என்று தெரிந்தால் பேச்சே இல்லை, கேரிக் 1779இலேயே இறந்துவிட்டார். பிறகு செருகிய படமென்றால், பெரிய தாளில் சன்னல்போல வெட்டிப் படத்தை ஒட்டிய விளிம்பும் விரலுக்குத் தட்டுப்படலாம்.